நாய் வைத்தியம்

அந்த வீட்டில் எந்தப் பண்டிகை வந்தாலும் முதலில் ஒரு நாய்க்கு வைத்தியம் நடந்தாக வேண்டும். நாய் என்னவோ கிடையாது. நாய் வளர்க்கக் கூடாது என்று அடுக்குமாடிச் சங்கத்தார் மாடிப்படி ஓரம் போர்டே மாட்டியிருக்கிறார்கள். ஆனாலும் சாமி அலமாரிக்கு முன்னால் பாயசக் கிண்ணத்தை வைத்து, தண்ணீர் சுற்றி, மணியடித்து முடிகிற வரைக்கும் ஒரு பருக்கைகூட யார் வாய்க்குள்ளும் போகாது. அந்தக் காத்திருப்புக்கு அந்த வீட்டில் பெயர் நாய் வைத்தியம்.

பெயர் சூட்டியது பட்டாணி. வீட்டின் ஒரே பெண். ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருந்ததால் அப்பா வைத்த செல்லப் பெயர் அது. பேச்சு வந்த புதிதில் ஒரு பண்டிகை நாள், பாயசத்தைப் பார்த்துக் கை நீட்டியவளிடம் அம்மா, "நைவேத்தியம் ஆகட்டும், அப்புறம் தர்றேன்" என்றார். பட்டாணி கொஞ்ச நேரம் அலமாரியையே கவலையோடு பார்த்தாள். பிறகு அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "நாய் வைத்தியம் முடிஞ்சுதா? நாய்க்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அப்பா மணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சாமிக்கு அன்று பாதி மணிதான் கிடைத்தது.

சிரித்ததில் தப்பில்லை. சிரித்துவிட்டுத் திருத்தியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. வேடிக்கை என்னவென்றால், மனிதருக்குத் தொழிலே அதுதான். ஆஸ்பத்திரியின் மாடியில் ஒரு சின்ன அறை, சுவரில் குழந்தை உயரத்துக்கு ஒரு கண்ணாடி, மேஜை மேல் படம் போட்ட அட்டைகள், நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிகள். பேச்சு திருந்தாத பிள்ளைகளை அங்கே அழைத்து வருவார்கள். ரயிலை லயில் என்பவன், தண்ணீரைக் கண்ணீர் என்பவள், வாயையே திறக்காதவன், எல்லோரையும் கண்ணாடி முன் உட்காரவைத்து, நாக்கை எங்கே வைக்க வேண்டும், காற்றை எப்படி விட வேண்டும் என்று காட்டுவார். பேச்சு டாக்டர் என்றுதான் அக்கம்பக்கத்தில் பெயர். அவர் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நம் ஜனங்களுக்கு எல்லோரும் டாக்டர்தான்.

பெற்றோரிடம் மட்டும் கண்டிப்பாக இருப்பார். "குழந்தை தப்பாச் சொன்னா ரசிக்காதீங்க. முக்கியமா, நீங்களும் அதே மாதிரி திருப்பிச் சொல்லாதீங்க. மனசுல பதிஞ்சுடும்." அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "என்ன பட்டாணி, இன்னைக்கு நாய் வைத்தியம் உண்டா?" என்பார். ஊருக்கு உபதேசம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பட்டாணியிடம் ஒரு காலத்தில் பண்டிகைக்கு ஒரு வார்த்தை இருந்தது. தீபாவளி வந்தால், "தீபாவுக்கு எங்க வலி?" என்று கேட்பாள். யார் அந்த தீபா என்று யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் அவளுக்காக வெடி வெடித்து மத்தாப்பு கொளுத்தினார்கள். பிள்ளையார் சிலையைக் காட்டினால், "பிள்ளை யாரு?" என்பாள். "இதுதாம்மா பிள்ளையார்." "அதான், யாரு?" இப்படியே ஒரு சாயங்காலம் முழுக்க ஓடும். கோயிலில் பிரசாதம் கொடுத்தபோது உள்ளங்கையில் விழுந்த அந்தச் சிட்டிகைப் பொங்கலைப் பார்த்து உதடு பிதுங்கி, "பெரிய சாதம்னு சொன்னீங்க, இவ்வளவுதானா?" என்று அர்ச்சகரிடமே நியாயம் கேட்டாள். அர்ச்சகர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டார்.

எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. பாலர் பள்ளி டீச்சர் தீபாவின் வலியைக் குணப்படுத்திவிட்டார். பிள்ளையார் யார் என்பது படப் புத்தகத்தில் தெரிந்துபோயிற்று. பெரிய சாதம் எப்போது போனது என்றே தெரியவில்லை. ஒரு நாள் கோயிலில் அவள், "பிரசாதம் வாங்கிட்டேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள். அப்பா நடு மண்டபத்தில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டு திட்டினார்.

மிச்சம் இருப்பது நாய் வைத்தியம் ஒன்றுதான். பட்டாணி ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, தூக்கினால் கால் தரையில் இழுபடுகிறது. இந்த வார்த்தையும் போய்விட்டால் தன் கையில் இருந்த குழந்தை அடியோடு போய்விடும் என்று அவருக்கு உண்மையாகவே பயம். சிரிப்பாக இருக்கலாம். பெற்றவர்களுக்கு வருகிற பயத்தில் பாதி அப்படித்தான் இருக்கும்.

இந்த நிலையில்தான் அவருடைய அக்கா போன் செய்தார்.

"டேய் தம்பி, இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு உன் வீட்டுக்குத்தான் வரேன். பட்டாணியைப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

வா வா என்று சொல்லிவிட்டு அவர் கவலையோடு போனை வைத்தார். அக்காவிடம் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் அக்கா ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர். பிழை என்று ஒன்று எங்கே இருந்தாலும் அக்காவின் கண்ணும் கையும் அங்கே போய் நிற்கும். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் வாங்கிக்கொண்டு முதலில் சந்திப்பிழையைச் சுழித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை யார் என்று கேட்பார். தெருவில் ஒட்டியிருந்த இரங்கல் போஸ்டரைப் பார்த்து ஒரு முறை நெஞ்சில் கை வைத்தார். தெரிந்தவரா என்று பதறிக் கேட்டால், "இல்லடா, 'கண்ணீர் அஞ்சலி'க்கு மூணு சுழி போட வேண்டிய இடத்துல ரெண்டு சுழி போட்டிருக்கான்" என்றார். அப்படிப்பட்டவர் காதில் நாய் வைத்தியம் விழுந்தால் அது உயிரோடு திரும்புமா?

மனைவிக்கோ பரம சந்தோஷம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். இருப்பதை இருக்கிறபடி பார்ப்பதில் பிடிவாதம் உள்ளவர்.

"நல்லதாப் போச்சு. அண்ணி கையால ஒரு முடிவு வரட்டும்."

"இந்த ஒரு வருஷம் போகட்டுமே."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. ஏங்க, அவ ஒண்ணாங்கிளாஸ் போறா. அங்க போய் நாய் வைத்தியம்னு சொன்னா நாலு பிள்ளைங்க கைதட்டிச் சிரிக்கும். உங்க ஒருத்தர் சந்தோஷத்துக்கு அவ அசடாகணுமா?"

பதில் இல்லாத ஆண்கள் செய்வதையே அவரும் செய்தார். பால்கனிக்குப் போய், காயாத துணியைக் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார். பார்க்கும்போதே ஒரு யோசனை வந்தது.

சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களையும் அவரவர் தொழில் கருவிகளையும் சாமி முன்னால் அடுக்கிவைத்துவிடுவார்கள். அன்றைக்குப் படிப்பு இல்லை, எழுத்து இல்லை, கருவியைத் தொடவும் கூடாது. மறுநாள் காலையில் எடுத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த சாமி கிடையாது. பட்டாணி பூஜைக்கு முந்தின நாளே வேலையை ஆரம்பித்துவிட்டாள். புத்தகம், நோட்டு, பை, பென்சில் டப்பா எல்லாம் அலமாரி முன் போயிற்று. பள்ளிக்கூடச் சம்பந்தம் உள்ளதால் சாப்பாட்டு டப்பாவையும் வைத்தாள். யூனிஃபார்மையும் மடித்து மேலே வைத்துவிட்டு, "இதையும் தொடக்கூடாதுல்ல?" என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். அம்மாவின் கண் பார்க்கும் டார்ச், அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த கைக்கண்ணாடி, ஒரு கட்டு மரக்குச்சி எல்லாவற்றுக்கும் குங்குமப் பொட்டு வைத்தது அவள்தான். வாய்க்குள் போகிற குச்சிக்குப் பொட்டு வேண்டாம் என்று அப்பா சொல்வதற்குள் பாதிக் குச்சிகள் சிவந்துவிட்டன.

காலையில் அக்கா வந்தார். வாசலிலேயே பட்டாணியை அள்ளி முத்தம் கொடுத்தார். உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கீழே வைக்கும்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கை தானாகவே கைப்பைக்குள் போயிற்று.

"அக்கா, அந்தச் சிவப்புப் பேனாவைக் கொடு" என்றார் தம்பி.

"எதுக்குடா?"

"பூஜையில வைக்கணும். உன் தொழில் கருவி அதுதானே?"

அக்கா மகிழ்ந்துபோய்க் கொடுத்தார். பட்டாணி அதற்கும் பொட்டு வைத்தாள். அதற்கப்புறம்தான் தம்பி மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"இன்னைக்கு முழுக்க நீ எதையும் திருத்தக்கூடாது. தொழில் பண்ணா சரஸ்வதி கோவிச்சுக்குவா."

"பேனாவைத் தொட மாட்டேன். வாயால சொல்றது எப்படிடா தொழிலாகும்?"

"என் தொழிலே வாயாலதான். இதுல என் பேச்சைக் கேளு."

அக்காவுக்குத் தம்பியிடம் பயம் இல்லை, சரஸ்வதியிடம் உண்டு. வாயை மூடிக்கொண்டார். பாவம், அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. சமையலறையில் பால் பாக்கெட்டில் 'பதப்படுத்தபட்ட' என்று ஒரு 'ப்' விழுங்கி அச்சாகியிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, பாக்கெட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார். சாம்பிராணி டப்பாவைப் படிக்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டே பற்றவைத்தார். விரலைச் சுட்டுக்கொண்டார்.

பூஜை ஆரம்பித்தது. விளக்கு எரிந்தது, பாயசம் வந்தது, மனைவி கிண்ணத்தை வைத்துவிட்டு மணியை எடுக்கப் போனார். பட்டாணி சப்பணமிட்டு உட்கார்ந்து பாயசத்தின் மேல் மிதந்த முந்திரியை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, அப்பாவைப் பார்த்து, கணீரென்று கேட்டாள்.

"அப்பா, நாய் வைத்தியம் ஆச்சா?"

அப்பாவுக்கு உடம்பெல்லாம் இனித்தது. கூடவே அக்கா பக்கம் திரும்பிய கண்ணில் கிலியும் இருந்தது. அக்காவின் உதடு திறந்தது. மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. கை சாமி முன்னால் இருந்த சிவப்புப் பேனாவை நோக்கிப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. இங்கே விட்டால் போயிற்று என்று அப்பா அவசரமாகப் பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டார்.

"இன்னும் நாய் வைத்தியம் ஆகலடா கண்ணு. அம்மா மணி அடிக்கட்டும், நாய் வைத்தியம் ஆயிடும்."

அக்கா தம்பியைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. படிக்கவைத்த காசெல்லாம் வீணா என்று கேட்கிற பார்வை. மனைவி வேண்டுமென்றே மணியைப் பலமாக அடித்தார்.

சாப்பாடு முடிந்தது. மனைவி கொஞ்சம் கண்ணயர்ந்தார். அப்பா கூடத்தைப் பெருக்கிப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பால்கனியில் அக்காவும் பட்டாணியும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. அக்காவின் குரல் கேட்டது, ரகசியம் பேசுகிற குரல்.

"பட்டாணி, இங்க வா. அத்தை ஒண்ணு சொல்றேன், அப்பாகிட்ட சொல்லாதே. சாமிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அது நாய் வைத்தியம் இல்லம்மா."

அப்பா பாயும் கையுமாகக் கதவை நோக்கி ஓடினார். கதவைத் தொடுவதற்குள் பட்டாணி பேசினாள்.

"நைவேத்தியம். எனக்குத் தெரியுமே அத்தை."

சுத்தமாக, ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. அப்பா கையிலிருந்த பாய் பாதி அவிழ்ந்து தொங்கியது.

"தெரியுமா? அப்புறம் ஏன்டி அப்படிச் சொன்னே?"

"அத்தை, மெதுவாப் பேசுங்க." பட்டாணி குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு அது வராது."

"என்ன வராது?"

"அந்த வார்த்தை. கோயில்ல போர்டுல எழுதியிருந்துது, நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன். நைவேத்தியம்னு அப்பாகிட்ட சொல்லலாம்னு ஓடி வந்தேனா, அதுக்குள்ள அப்பா அம்மாகிட்ட நாய் வைத்தியம் ஆச்சான்னு கேட்டுட்டு இருந்தாரு. அப்பதான் புரிஞ்சுது. பாவம் அத்தை. ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் அவருதான் பேசக் கத்துத் தர்றாரு. அவருக்கே வரலன்னு தெரிஞ்சா வேலை போயிடும்ல?"

பட்டாணி அத்தைப் பக்கம் இன்னும் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அதனாலதான் நானும் அப்படியே சொல்றேன். ரெண்டு பேர் சொன்னா யாருக்கும் சந்தேகம் வராது. நீங்க திருத்தாதீங்க. ஸ்கூல்ல நான் சரியாத்தான் சொல்வேன்."

அக்கா தொண்டையைச் செருமினார். "சரிம்மா. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பிழையை அப்படியே விட்டுவிட்டார்.

அப்பா பூனை போலப் பின்வாங்கி, படுக்கையறைக்குப் போய், தூங்குகிற மனைவியை எழுப்பினார். நடந்ததைச் சொன்னார். மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். மூச்சு வாங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் கண்ணு பாக்கிறவ. எனக்கே இது தெரியலையே" என்றார்.

"நீ சிரிக்கிறே. எனக்கு வராதுன்னு நினைச்சுட்டு இருக்கா."

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"எனக்கு நல்லா வரும், உன் தப்பு எனக்குப் பிடிச்சிருந்துது, அதனால உன்னைத் திருத்தலன்னு."

அப்படிச் சொன்னால் அந்தக் குழந்தை இத்தனை காலம் கட்டிக் காத்த ரகசியம் என்ன ஆவது? தனக்காக ஒரு வார்த்தையைத் தப்பாகவே வைத்துக்கொண்டிருந்தவளிடம் எந்த முகத்தோடு போய் இதைச் சொல்வது? அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவில் சொல்லத் தெரியாத ஒரு பெருமையும் இருந்தது. குழந்தை போய்விடுவாளே என்று அவர் கதவுக்குத் தாழ் போட்டுக்கொண்டிருந்தார். அவளோ என்றைக்கோ வளர்ந்து முடித்து, தாழ்ப்பாளுக்கு உள்பக்கம் அவருக்காக உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு எல்லோரும் அலமாரி முன் கூடினார்கள். புத்தகங்களை எடுக்க வேண்டும், ஆளுக்கு ஒன்றைப் புதிதாகத் தொடங்க வேண்டும். பட்டாணி ஒரு பக்கம் சத்தமாகப் படித்தாள். அக்கா சிவப்புப் பேனாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராகக் காலண்டருக்குப் போனார். அப்பா தன் கைக்கண்ணாடியை எடுக்கக் கை நீட்டினார். பட்டாணி அதை முந்தி எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, பால்கனிக்கு வர்றீங்களா? தனியா."

போனார். பட்டாணி கதவைச் சாத்தினாள். அப்பாவை முக்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இன்னைக்கு எது ஆரம்பிச்சாலும் நல்லா வரும்னு அம்மா சொன்னாங்க. அதனால ஒண்ணு சொல்லித் தரப் போறேன். கஷ்டமா இருந்தா நிறுத்திடலாம். என் வாயைப் பாருங்க. நை."

"நாய்" என்றார் அப்பா. வேண்டுமென்று சொல்லவில்லை. பழக்க தோஷத்தில் வந்துவிட்டது.

பட்டாணி சிரிக்கவில்லை. பல் விழுந்த இடம்கூடத் தெரியாதபடி உதட்டை இறுக்கிக்கொண்டாள். சின்ன விரல்களால் அவர் தாடையைப் பிடித்துக் கொஞ்சம் நிமிர்த்தினாள்.

"பரவால்லப்பா. அவசரமே இல்ல. மறுபடியும். நை."

இன்னும் நாலு நாள் இழுக்கலாம் என்று ஒரு சபலம் வந்தது உண்மை. தினம் சாயங்காலம் இந்த முக்காலி, இந்த விரல்கள், இந்தப் பொறுமை. கரும்பு தின்னக் கூலியா? ஆனால் கண்ணாடிக்கு மேலே அவள் கண்கள் தெரிந்தன. அந்தக் கண்களில் விளையாட்டு கொஞ்சமும் இல்லை. அப்பாவுக்கு வந்துவிடுமா, வராமலே போய்விடுமா என்று அவள் நிஜமாகவே பயந்துகொண்டிருந்தாள். அந்தப் பயத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட அவருக்கு மனம் வரவில்லை.

"நை" என்றார்.

"வே."

"வே."

"இப்ப மூச்சு விட்டுட்டு, சேத்து."

"நைவேத்தியம்."

பட்டாணி கண்ணாடியைக் கீழே வைத்தாள். பிறகு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முக்காலி ஆடியது. அந்த வார்த்தை போய்விட்டது, இனி வராது. ஆனால் அவர் பயந்த மாதிரி எதுவும் அதோடு போகவில்லை. கழுத்தைச் சுற்றி இருந்த கைகள் இறுக்கமாகவே இருந்தன.

கதவைத் திறந்துகொண்டு பட்டாணி சமையலறைக்கு ஓடினாள். "அம்மா, அப்பாவுக்கு ஒரு வார்த்தை வந்துடுச்சு. என்ன வார்த்தைன்னு கேக்காதீங்க."

"அப்படியா?" என்றார் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உங்கப்பா மறதிக்காரராச்சே. மறுபடியும் மறந்துட்டா?"

"மறந்தா நான் இருக்கேன்ல" என்றாள் பட்டாணி.

பால்கனியில் அப்பா முக்காலியை விட்டு எழுந்திருக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.